தேய்ந்த ஏட்டின் கதி

எழுதி வைத்த மறைநூல் ஒருநாள் தேய்ந்துபோகும். பனையோலையைச் செல் அரிக்கும், தோல் விறைத்து வெடிக்கும், அச்சுத்தாள் பழுப்பேறி ஓரம் உதிரும். உள்ளே இருக்கும் சொல் அழியாதது என்று நம்பும் சமயங்கள் எல்லாம், சொல்லைச் சுமந்த பொருள் அழியும்போது அதை என்ன செய்வது என்றும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. எரிப்பதா, புதைப்பதா, ஆற்றில் விடுவதா, படி எடுத்துவிட்டு ஒதுக்குவதா? பார்க்க நடைமுறைச் சிக்கல்தான். அதற்கு அடியில், புனிதம் எழுத்தில் இருக்கிறதா, எழுதப்பட்ட பொருளில் இருக்கிறதா, ஓதும் வாயில் இருக்கிறதா என்ற பழைய தத்துவ வழக்கு கிடக்கிறது.

கலிபோர்னியாவின் சான் ரமோன் போன்ற ஊரில் இந்த வழக்கு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து பெட்டியில் வந்த தேவாரத் திரட்டு, அட்டை பிய்ந்த கந்த சஷ்டி கவசம், போன ஆண்டுப் பஞ்சாங்கம், பிள்ளையார் படம் போட்ட கல்யாணப் பத்திரிகை. இவற்றைப் பழைய செய்தித்தாளோடு சேர்த்து மறுசுழற்சித் தொட்டியில் போடக் கை வராது. ஆடிப்பெருக்கில் விட்டுவிட அங்கே காவிரி இல்லை. பக்கத்து ஓடையில் விட்டால் சட்டம் குறுக்கே வரும். ஆனால் இதே கேள்விக்கு வெவ்வேறு சமயங்கள் கண்ட பதில்கள் அந்த ஊரைச் சுற்றி ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் கூடிக் கிடக்கின்றன. லிவர்மோரில் சிவ-விஷ்ணு ஆலயம், எல் சோப்ராண்டேயில் குருத்வாரா, மில்பிடாஸில் சமணக் கோயில். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் சுருள்களின் துண்டுகளும், கொச்சி யூதர்களின் வழிபாட்டுப் பொருள்களைக் கொண்ட மேக்னஸ் தொகுப்பும் இருக்கின்றன.

முதலில் வடிவம். மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் நீண்ட நூலுக்கு உரிய உரு சுருள்தான். எகிப்தில் பாப்பிரஸ் தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டிச் சுருட்டினார்கள். யூதர்கள் தோலைத் தைத்துச் சுருட்டினார்கள். கும்ரான் குகையில் 1947-ல் கிடைத்த ஏசாயா சுருளின் நீளம் 7 மீட்டருக்கும் அதிகம். இந்தியாவின் வடமேற்கில் காந்தாரத்துப் பௌத்தர்கள் பூர்ச்ச மரப்பட்டையைச் சுருளாக்கினார்கள். தமிழ்நாட்டில் பனையோலை வேறு வழி காட்டியது. ஒரு ஓலையில் சில வரிகள்தான் கொள்ளும். ஆகவே நீண்ட நூலுக்கு ஓலைகளை அடுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தார்கள், மேலும் கீழும் சட்டம் வைத்தார்கள். அது சுவடி. ஒற்றை ஓலையில் முடிந்துவிடும் செய்திக்கு மட்டும் சுருட்டல் நிலைத்தது. கடிதம், அரசாணை, அடிமை ஓலை போன்ற ஆவணங்கள் சுருளாக வந்தன. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டாம் முறை அனுப்பும் மடல் சுருட்டி மண் இலச்சினை வைத்தது. சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியை ஓலையில் ஏற்றத் திருமந்திர ஓலை என்ற பதவியே இருந்தது. ஊரார் அந்த ஓலையை எதிர்கொண்டு வணங்கித் தலைமேல் வைத்து வாங்கினார்கள், பிறகு கல்லிலும் செம்பிலும் வெட்டினார்கள். நமக்குக் கிடைத்திருப்பவை கல்லும் செம்பும்தான். தலைமேல் ஏறிய ஓலை போய்விட்டது.

சைவத்தின் மிகப் பெரிய ஓலைக் கதை இந்தச் சுருட்டிய ஆவணத்தைச் சுற்றியே நடக்கிறது. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், சுந்தரர் மணப்பந்தலில் இருக்கும்போது ஒரு முதிய வேதியர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் துரத்திப் பிடித்து, பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அனுபவம், எழுத்து, நேரில் கண்ட சாட்சி என்ற மூன்றில் ஒன்றால் உன் உரிமையை நிறுவு என்கிறது அவை. கிழிந்தது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அவைக் கணக்கர் ஓலையைத் தொழுது வாங்கி, சுருள் நீக்கி, விரித்து, அது பழையதுதானா என்று பார்த்துவிட்டுப் படிக்கிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதியதாகச் சொல்லும் கையெழுத்தை, காப்பில் இருந்த அவருடைய இன்னொரு ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்கிறார், தோற்று ஆட்கொள்ளப்படுகிறார்.

பக்திக் கதையில் இவ்வளவு ஆவண நுணுக்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இறைவன் விரும்பியிருந்தால் ஒரு சொல்லில் ஆட்கொண்டிருக்கலாம். சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. ஓலையின் நடைமுறை அவருக்குத் தெரியும் என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. ஆளும் அடிமையும் என்ற உறவு உணர்ச்சியில் தொடங்கவில்லை, தலைமுறைக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்ட ஒன்று என்று காட்டுவதே கதையின் நோக்கம். படியைக் கிழிக்கலாம், மூலத்தைக் கிழிக்க முடியாது. இங்கே பொருளுக்குத்தான் முதலிடம்: எந்த ஓலை, யார் கை, எவ்வளவு பழையது என்பதே வழக்கைத் தீர்க்கிறது.

சம்பந்தர் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. 7-ஆம் நூற்றாண்டு மதுரையில் பாண்டியன் முன்னிலையில் சமணரோடு வாது. இரு தரப்பும் தம் கொள்கையை எழுதிய ஓலையைத் தீயில் இட வேண்டும். சம்பந்தர் தம் பதிகச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்கிறார். அகப்பட்டது திருநள்ளாற்றுப் பதிகம். அந்த ஏடு தீயில் வேகாமல், இன்னும் பச்சையாக வெளியே வருகிறது. சமணர் ஏடு சாம்பலாகிறது. அடுத்தது புனல்வாதம். வையையில் இட்ட சம்பந்தர் ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிப் போகிறது. அமைச்சர் குலச்சிறையார் குதிரையில் பின்தொடர்கிறார். ஏடு கரை சேர்ந்த இடம் இன்றைய சோழவந்தானுக்கு அருகே உள்ள திருவேடகம். தோற்ற சமணர் கழுவேறினர் என்று புராணம் கதையை முடிக்கிறது. அது வரலாறா என்பதில் ஆய்வாளர்கள் பலருக்கும் ஐயம் உண்டு. எப்படியிருந்தாலும் கதையின் அந்தப் பகுதி பெருமைக்குரியதல்ல.

ஓலைக்குத் தீயும் நீரும்தான் இயற்கைப் பகை. வாதுக்கு அந்த இரண்டையே தேர்ந்தது தற்செயல் இல்லை. கதை சொல்ல வருவது இது: சொல்லுக்கு உயிர் இருந்தால் ஓலை தன் இயல்பை மீறும். அப்படியானால் எரிந்துபோன ஓலையில் சொல் உண்மையில் இல்லை என்றாகிவிடும். இந்தக் கொள்கை சுவடிக்குப் பாதுகாப்புத் தரவில்லை. அழிந்த ஏட்டைப் பற்றி வருந்த வேண்டியதில்லை என்ற ஆறுதலையே தந்தது.

அந்த ஆறுதலின் உச்சத்தைத் திருமுறை கண்ட கதையில் காணலாம். தேவாரம் பாடிய மூவரின் பாடல்களைத் தேடிய சோழ மன்னன், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு தில்லைக்கு வருகிறான். மூவரே வந்தால்தான் சுவடி அறையின் கதவு திறக்கும் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர். மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தால், சுவடிகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுக்கிறார்கள்; பெரும்பகுதி செல்லரித்துப் போயிருக்கிறது. மன்னன் கலங்கும்போது, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்து மற்றதைச் செல்லுக்குக் கொடுத்தோம் என்று அசரீரி எழுகிறது. கறையானுக்கே இறையருளின் கணக்கில் இடம் கொடுத்த கதை இது. கிடைத்த பாடல்களுக்குப் பண் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண் வகுத்துத் தந்தார். சொல் ஓலையில் பாதி கிடைத்தது, இசை ஓலையில் கிடைக்கவே இல்லை, ஒரு குடும்பத்தின் தொண்டையில் இருந்தது. வைணவக் கதை இன்னும் ஒரு படி போகிறது: நாதமுனிகள் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களைச் சுவடியில் தேடவில்லை. திருக்குருகூரில் மதுரகவியின் பாசுரத்தைப் பன்னீராயிரம் முறை ஓதி, யோகத்தில் நம்மாழ்வாரிடமே பெற்றார்.

இதற்குப் பின்னால் வைதிக மரபின் நிலைப்பாடு இருக்கிறது. வேதம் எழுதப்படாதது, கேட்டுப் பெறுவது. பாணினீய சிட்சை மோசமான ஓதுவோரைப் பட்டியலிடும்போது, தலையை ஆட்டுபவரோடும் பொருள் தெரியாதவரோடும் எழுதியதைப் பார்த்துப் படிப்பவரையும் சேர்க்கிறது. மீமாம்சை ஒலியை நித்தியம் என்று நிறுவியது. எழுத்து அதன் நிழல் என்றால் நிழலைக் காப்பதில் யாருக்கும் அக்கறை பிறக்காது. இந்த நிலைப்பாடு தர்க்கத்தில் உறுதியானது, நூலகத்துக்கு மோசமானது.

எவ்வளவு மோசம் என்பதை உ.வே. சாமிநாதையர் நேரில் அறிந்தார். சங்கரன்கோவிலுக்கு அருகே உள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரதுங்கராம பாண்டியன் சேர்த்த சுவடிகள் இருந்தன. ஏடு தேடி அங்கே போன அவருக்குக் கிடைத்த பதிலை 'என் சரித்திரம்' பதிவு செய்திருக்கிறது. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து ஓமம் செய்ய வேண்டும் என்பது ஆகம விதி. அப்படியே குழி வெட்டித் தீ வளர்த்து ஆகுதி செய்துவிட்டார்கள். அலட்சியத்தால் எரித்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இது மரியாதையால் எரித்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட சுவடிகளுக்கும் இதே மரியாதைதான் நடந்தது. சம்பந்தர் ஏட்டுக்கு நேர்ந்த அற்புதம் இவற்றில் ஒன்றுக்கும் நேரவில்லை.

யூத மரபு எழுத்தையே உடலாகக் கொண்டது. தொழுகைக்கூடத்தில் ஓதும் தோராச் சுருள் கையால் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். அதில் 304,805 எழுத்துகள். ஒன்று உதிர்ந்தாலும் திருத்தும்வரை ஓதத் தகாது. தோலில் விரல் படாமல், சின்னக் கைபோல் முனை செதுக்கிய வெள்ளிக் கோலால் வரியைச் சுட்டிக்கொண்டு படிப்பார்கள். 1568-ல் கட்டிய கொச்சி பரதேசி தொழுகைக்கூடத்திலும் முறை இதுதான். தேய்ந்த சுருளை எரிப்பதில்லை, எறிவதில்லை. கெனீசா எனும் அறையில் ஒதுக்கி வைத்து, பிறகு இறந்தவரைப் போல மண்ணில் புதைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஒதுக்கியவை பல நூற்றாண்டுகளாகப் புதைக்கப்படாமலே சேர்ந்துவிட்டன. இறைவன் பெயர் எங்கே எழுதியிருக்குமோ என்று கடிதமும் கணக்கும்கூட அங்கே போடப்பட்டிருந்தன. சாலமன் ஷெக்டர் 1896-97-ல் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரின் கடிதங்கள் அதில் கிடைத்தன. மலபார்க் கரையின் மிளகு வணிகத்தைப் பற்றி அந்த அறைத் துண்டுகள் சொல்லுமளவுக்கு நம் கரையில் எழுதிய ஓலை ஒன்றும் சொல்ல எஞ்சவில்லை.

பெர்க்லியின் பான்கிராஃப்ட் நூலகத்தில் இருப்பது இதைவிட விசித்திரம். எகிப்தின் டெப்டுனிஸ் என்ற ஊரில் 1899-1900 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் அகழ்ந்தார்கள். செலவு கலிபோர்னியாவின் ஃபீபி ஹர்ஸ்ட் அம்மையாருடையது. கல்லறைகளைத் தேடிய வேலையாட்களுக்கு முதலைப் பிணங்களே வந்துகொண்டிருந்தன. முதலை அங்கே தெய்வம். சலித்துப்போன ஒருவர் ஒன்றை உடைத்தார். உள்ளே பாப்பிரஸ். பதப்படுத்திய முதலையைச் சுற்றவும் அதன் வயிற்றில் திணிக்கவும் பழைய சுருள்களைக் கழிவுத்தாளாக வாங்கியிருக்கிறார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெர்கியோசிரிஸ் கிராமத்தின் கணக்கராக இருந்த மென்கெஸ் எழுதிய நிலவரிக் கணக்குகள் அதில் அடக்கம். தெய்வத்தின் உடலைக் காக்க வந்த குப்பை, தெய்வத்தைவிட நீடித்தது. அங்கே யாரும் சுருளைப் புனிதமாக நினைக்கவில்லை. வறண்ட மணல் மட்டும் தன் வேலையைச் செய்தது. தஞ்சாவூர் ஈரக்காற்றில் ஓர் ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டு தாங்கினால் பெரிது.

தீயும் எப்போதும் பகையில்லை. கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது ஹெர்குலேனியத்தின் ஒரு மாளிகையில் கரியாகிப்போன பாப்பிரஸ் சுருள்கள் அந்தக் கரித்தன்மையாலேயே மட்காமல் நின்றன. விரித்தால் பொடியாகும். 2023-ல் சிலிக்கான் பள்ளத்தாக்கின் முதலீட்டாளர்கள் பரிசுத்தொகை அறிவித்தார்கள். சுருளைத் தொடாமலே ஊடுகதிர்ப் படமெடுத்து, மையின் தடத்தைக் கணினிக்குக் கற்பித்து, மூன்று இளைஞர்கள் பல பத்திகளைப் படித்துவிட்டார்கள். பரிசு 7,00,000 டாலர். வெளிவந்தது இன்பத்தைப் பற்றிய ஓர் எபிகூரியத் தத்துவ நூல். தெய்வம் மனிதர் காரியத்தில் தலையிடாது என்பது அந்தத் தத்துவக்காரர்களின் கொள்கை.

சீக்கிய மரபு குரு கிரந்த சாகிபை நூலாக மட்டும் பார்ப்பதில்லை, வாழும் குருவாகப் போற்றுகிறது. இரவில் துயில வைத்து, காலையில் எழுப்பி, சாமரம் வீசுகிறார்கள். இப்போது எல்லாம் அச்சுப் பிரதிதான், மரியாதை குறையவில்லை. ஓதத் தகாத அளவு தேய்ந்த பிரதிகளைப் பஞ்சாபின் கோயிந்துவாலில் முறைப்படி எரியூட்டுகிறார்கள். கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததற்கும் இதற்கும் செயலில் வேற்றுமை இல்லை. ஆனால் கோயிந்துவாலில் எரியும் பிரதியின் ஒவ்வொரு சொல்லும், ஒரே பக்க எண்ணில், உலகின் எல்லா குருத்வாராக்களிலும் இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூரில் எரிந்தவற்றுக்கு வேறு படி இருந்ததா என்று எரித்தவர் யாரும் பார்க்கவில்லை. பிழை தீயில் இல்லை, அந்தப் பார்க்காமையில் இருக்கிறது.

சரியான விடைக்கு மிக அருகில் போனவர்கள், புராணத்தில் ஏடு எரிந்து தோற்ற சமணர்களே. படி எடுத்துக் கொடுப்பதை அவர்கள் தானங்களில் ஒன்றாக வைத்தார்கள். சாத்திர தானம் அன்னதானத்துக்கு நிகர். 10-ஆம் நூற்றாண்டில் அத்திமப்பே என்ற கன்னட நாட்டுப் பெருமாட்டி பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படி எடுக்கச் செய்து வழங்கினார் என்கிறது மரபு. ஆண்டுக்கு ஒருநாள் சுவடிகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, உறை மாற்றி, பூசை செய்யும் சுருத பஞ்சமி அவர்களுடையது. வழிபாடும் பராமரிப்பும் ஒரே சடங்கு. ஜெய்சல்மேர், மூடபித்ரி சுவடிக் கருவூலங்கள் இத்தகைய பராமரிப்பால் நிலைத்தன. தமிழில் சீவக சிந்தாமணி பிழைத்ததற்கும் அதைப் பாராயண நூலாக ஓதிவந்த சமணக் குடும்பங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம் சைவர்கள்: அதை 1887-ல் பதிப்பித்த சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் படித்தவர். காந்தாரப் பௌத்தர்களும் இதற்குப் பக்கத்தில் வருகிறார்கள். 1994-ல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான பூர்ச்சப்பட்டைச் சுருள்கள் மண்பானையில் இருந்தவை. சிலவற்றின் வரிகளுக்கிடையே பின்னால் வேறு கை எழுதிய குறிப்பு, எழுதியாயிற்று என்ற பொருளில் இருக்கிறது. புதுப்படி எடுத்தாயிற்று, இனி இதைப் புதைக்கலாம் என்பதே அதன் கருத்தாகலாம் என்று ஆய்வாளர் ரிச்சர்ட் சாலமன் முதலில் கருதினார். முதலில் படி, பிறகு பிரிவு என்ற அந்த வரிசைதான் முக்கியம்.

சொல் அழியாதது என்ற கோட்பாடு இந்த வரிசையில்தான் பொருள்படுகிறது. சொல் தானாக அழியாமல் நிற்பதில்லை. அழிய விடாதவர்கள் நிறுத்துகிறார்கள். சம்பந்தர் பாடப் பாட எழுதிக்கொண்டே கூடச் சென்றவர் சம்பந்த சரணாலயர். அவர் எழுதாமல் இருந்திருந்தால் தீயில் இடவும் ஆற்றில் விடவும் ஏடே இருந்திருக்காது. திருவாசகத்தை மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல இறைவனே எழுதிக் கையெழுத்திட்டு, தில்லைக் கோயிலின் படிக்கட்டில் வைத்துப் போனார் என்ற கதையிலும் தெய்வம் ஏற்ற வேடம் படி எழுதுபவருடையது.

இன்று சான் ரமோனில் பதிகம் ஓதுபவர் பெரும்பாலும் கைபேசியில் பார்த்து ஓதுகிறார். திரையில் உருளும் பக்கத்தைப் பழைய சுருளோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது, ஒப்பு பொருந்தவில்லை. சுருளில் படித்து முடித்த பகுதி ஒரு கையில் கனமாக இருக்கும், திரையில் அது எங்கேயும் இல்லை. திரை உண்மையில் கொடுப்பது படி. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கிவருகிறது. யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த புதுச்சேரிச் சைவச் சுவடிகள் பதினோராயிரம் அளவில் இருக்கின்றன. அத்திமப்பேயின் ஆயிரம் படியை இன்று ஒரு விசை தாண்டிவிடும்.

ஆகவே பூசை அறையின் கிழிந்த கந்த சஷ்டி கவசத்தைப் பற்றிக் குற்றவுணர்வு வேண்டியதில்லை. அதற்கு லட்சக்கணக்கில் படி உண்டு. எரிப்பதோ, தோட்டத்தில் புதைப்பதோ, வணங்கிவிட்டு மறுசுழற்சிக்குக் கொடுப்பதோ எல்லாமே மரபுக்குள் அடங்கும். கவனிக்க வேண்டியது வேறு. பாட்டி கைப்பட எழுதிய பாட்டு நோட்டு, தாத்தா குறித்துவைத்த குலதெய்வ வழிபாட்டு முறை, ஊர் வீட்டுப் பரணில் துணியில் கட்டிக் கிடக்கும் ஓலைக்கட்டு ஆகியவற்றுக்கு மூலம்தான் உண்டு, படி கிடையாது. அவற்றைப் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமிக்க வேண்டும். ஓலைக்கட்டை எண்ணெய் பூசிச் சோதிக்காமல், பிரித்து விரிக்காமல், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ, பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்திலோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ காட்ட வேண்டும். அதுவரை அதை ஆற்றில் விடவும் தீயில் இடவும் யாருக்கும் உரிமையில்லை.